வெள்ளம் முந்தி, மழை பிந்தி: கூட்டு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் புதிதாகச் சேர்ந்த இருவர் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். ஆற்றில் வெள்ளம் ஏறியது 14ஆம் தேதி. அதற்குக் காரணமான மழை பெய்தது 15ஆம் தேதி. "மாடல்ல மண் ஈரம் சரியில்ல போல சார், கொஞ்சம் மாத்திப் பார்க்கிறோம்" என்றார் ஒருவர். இதே வாக்கியத்தை ஒரு காலத்தில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான், பல துறைக் குழுக்கள் சேர்ந்து செய்யும் காலநிலை ஆய்வில் வரும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். அலகை மாற்ற மறப்பது, விடுபட்ட நாளைப் பூஜ்ஜியமாக நிரப்புவது எல்லாம் முதல் வாரமே யாராவது திட்டித் திருத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

'நாள்' என்றால் எந்த நாள்?

வானிலை, நீரியல், சுகாதாரம் என்று மூன்று குழு சேர்ந்தால் மூன்று விதமான 'நாள்' சேரும். கேட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்குமோ என்று யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் மழைமானியைக் காலை 8.30க்குப் படிப்பார்கள். 15ஆம் தேதி காலை படித்த 24 மணி நேர மழை, 15 என்ற தேதியிலேயே பதிவாகும். அதில் பெரும்பகுதி 14ஆம் தேதி பெய்திருக்கும். பிரிட்டனிலும் கிரீன்விச் நேரப்படி காலை 9 மணிதான் கணக்கு. ஆனால் அங்கே அதை முந்தைய நாளின் பேரில் எழுதுவது வழக்கம். செயற்கைக்கோள் தரவான ஐமெர்க்கின் தினசரிக் கோப்பு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. பழைய வானிலையை அளவீடுகளும் மாடலும் சேர்த்து மறுபடி கட்டிய தரவான ஈரா5இல் 00 மணி என்று குறித்த மழை, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் பெய்தது, அதாவது நேற்றையது. இவற்றை எல்லாம் 'தேதி' என்ற ஒரே பத்தியில் ஒட்டினால் என்ன ஆகும்?

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். மழையைத் தொகுத்தது வேறொரு நாட்டுக் குழு, அந்த மழையை வைத்து ஆற்றின் ஓட்டத்தைக் கணக்கிடும் மாடல் எங்களுடையது. வெள்ளம் ஒரு நாள் முந்தி வந்தது. நாங்கள் மாடலைச் சந்தேகப்பட்டோம். மாடலில் நாம் திருகும் எண்களான அளவுருக்களைத் தானாகத் தேடும் நிரல், நம்மைவிடக் கெட்டிக்காரன். நீர் ஓடிவரும் நேரத்தை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கி, அந்த ஒரு நாளை முடிந்தவரை விழுங்கிவிட்டது. மாடல் ஆற்றோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நாஷ்-சட்கிளிஃப் மதிப்பும் கொஞ்சம் ஏறியது. எங்களுக்குச் சந்தோஷம். அதே அளவுருக்களோடு எதிர்காலக் காலநிலைத் தரவைச் செலுத்தினோம். அதில் அந்தத் தேதிக் குழப்பம் கிடையாதே! பெய்த மழை தாமதமே இல்லாமல் ஆற்றில் இறங்கி, சிறு ஆறுகளில் எல்லாம் வெள்ள உச்சம் கண்டபடி ஏறியது. காலநிலை மாற்றத்தின் விளைவு என்று அறிக்கை எழுதத் தொடங்கிவிட்டோம்.

ஏழு மாத வேலை. மழைமானி படித்தே ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஒரு கூட்டத்தில் எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "காலையில படிச்ச மழைய எந்தத் தேதியில போட்டீங்க?" என்றார். அறையில் யாருக்கும் பதில் தெரியவில்லை. கோப்பின் தலைப்பில் நேர வரையறைக்கென்று ஒரு வரி இருந்தது. காலியாக இருந்தது. வாங்கும்போதே பார்த்துக் கேட்டிருக்க வேண்டியவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

இப்போது எந்தத் தினசரித் தரவு வந்தாலும், மணிநேரத் தரவோடு வைத்து ஒரு நாள் முன்னும் பின்னும் நகர்த்தி ஒப்பிடுகிறோம். நகர்த்தாத நிலையில் பொருத்தம் உச்சத்தில் இல்லையென்றால், அனுப்பியவருக்கு ஃபோன். அதுவரை மாடலைத் தொடக் கூடாது.

பிப்ரவரி 30

சில காலநிலை மாடல்களில் உண்டு; எல்லா மாதத்துக்கும் 30 நாள். நாள்காட்டியைப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள்.

எந்த வறட்சி?

மழையிலா, மண்ணிலா, ஆற்றிலா? முதல் கூட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

கேள்வியைப் பார்க்காமல் விடைக்குச் சண்டை

2010இல் ரஷ்யாவைத் தாக்கிய வெப்ப அலை பற்றி 2011இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. பெரும்பாலும் இயற்கை மாறுபாடுதான் என்றது ஒன்று. புவி வெப்பமடையாதிருந்தால் அந்த ஜூலைச் சாதனை நிகழ்ந்திருக்காது என்பதற்கு ஏறக்குறைய 80% வாய்ப்பு என்றது மற்றது. 2012இல் ஃபிரெடரிகே ஓட்டோவின் குழு முடிச்சை அவிழ்த்தது: முதல் ஆய்வு வெப்பம் எவ்வளவு கூடியது என்று கேட்டது, இரண்டாவது அப்படியொரு வெப்பம் வரும் வாய்ப்பு எவ்வளவு கூடியது என்று கேட்டது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். உங்கள் கூட்டாளியோடு முடிவு ஒத்துப்போகவில்லையா? அவர் 1961–1990ஐ அடிப்படையாக வைத்தாரா, 1991–2020ஐ வைத்தாரா என்றும் கேளுங்கள். பிந்தையதில், எதை வெப்ப அலை என்று எண்ணுகிறோமோ அந்த வரம்பே உயர்ந்திருக்கும். வெப்ப அலை எண்ணிக்கை தானாகக் குறையும்.

நூறாண்டு வெள்ளம்

நூறாண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அர்த்தமில்லை; எந்த ஆண்டிலும் வர 1% வாய்ப்பு என்று அர்த்தம். முப்பது ஆண்டுகளில் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு. அதுவும் காலநிலை மாறாமல் இருந்தால்.

உதவியவரை நன்றியுரையில் ஒதுக்குவது

செய்யாதீர்கள். அந்தப் பெரியவரின் பெயரை நாங்கள் நன்றியுரையின் ஐந்தாவது வரியில் போட்டோம். அடுத்த திட்டத்துக்கு அழைத்தபோது, "கோப்பை அனுப்புங்க தம்பி, பார்க்கிறேன்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.