பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டார்: வாங்குவது முதல் சுருதி சேர்ப்பது வரை

பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு டி கார்டு அடித்தால் கூடவே மணி அடிப்பது போல ஒரு மினுமினுப்பு எழும். ஓசையை இரட்டித்துக் காட்டும் கோரஸ் பெடல் அதற்குக் கிட்டத்தட்ட வரும், அவ்வளவுதான். 1964-ல் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கைக்கு ரிக்கன்பேக்கர் 360/12 என்ற பன்னிரண்டு கம்பிக் கிட்டார் வந்தது. பீட்டில்ஸ் படத்தில் அவர் அதை வாசிப்பதைப் பார்த்து பைர்ட்ஸ் குழுவின் ரோஜர் மெக்குயினும் ஒன்று வாங்கினார். அறுபதுகளின் ராக் இசையில் இந்த ஓசை இடம் பிடித்தது அப்படித்தான்.

புதிதாக வாங்கிய பலர் சீக்கிரமே சலித்துப்போய் இதை மூலையில் வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் கிட்டார் மட்டமாக இருப்பதால் அல்ல, செட்டப், அதாவது நெக்கின் வளைவு, கம்பி உயரம் போன்றவற்றைச் சரிசெய்வது, ஒழுங்காக இல்லாததால்தான். விலை குறைந்த கிட்டாரையும் ஒழுங்காகச் செட்டப் செய்தால் நன்றாகவே ஒலிக்கும். விலை உயர்ந்ததைச் செட்டப் செய்யாமல் விட்டால் இரைச்சல்தான்.

முதலில் கம்பிகளின் அமைப்பு

பன்னிரண்டு கம்பிகளும் ஆறு ஜோடிகளாக நிற்கும். மெல்லிய பக்கத்து இரண்டு ஜோடிகளிலும், அதாவது இ, பி ஜோடிகளில், இரண்டு கம்பிக்கும் ஒரே சுருதி. மீதி நான்கு ஜோடிகளில் ஒன்று வழக்கமான கம்பி, மற்றது ஒரு ஸ்தாயி மேலே. பெரும்பாலான கிட்டார்களில் மேலிருந்து கீழே அடிக்கும்போது மெல்லிய மேல் ஸ்தாயிக் கம்பிதான் முதலில் பிக்கில் படும். ரிக்கன்பேக்கரில் இது தலைகீழ், தடித்த கம்பி முதலில் படும். ரிக்கன்பேக்கருக்கென்று ஒரு தனி ஓசை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 1: கடையில் பார்க்க வேண்டியவை

முதலில் நட் அகலம். நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் படியும் பள்ளங்கள் உள்ள சிறு கட்டைதான் நட். அக்கூஸ்டிக் பன்னிரண்டு கம்பிக் கிட்டார்களில் இது பொதுவாக 48 மி.மீ. அளவில் இருக்கும். ரிக்கன்பேக்கரிலோ சுமார் 41 மி.மீ.தான், அதாவது சாதாரண ஆறு கம்பிக் கிட்டார் அகலத்துக்குள் பன்னிரண்டையும் அடைத்திருப்பார்கள். விரல் தடிமனாக இருப்பவர்களுக்கு இது சிரமம். சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஏ கார்டு பிடியுங்கள். இரண்டாவது ஃபிரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃபிரெட்) மூன்று விரல், ஆறு கம்பி. ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக மீட்டிப் பாருங்கள். பக்கத்து விரல் பட்டு எந்தக் கம்பியாவது செத்து ஒலித்தால், விரலைக் கொஞ்சம் மாற்றி வைத்து மறுபடி பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அந்த நெக் உங்களுக்கானது இல்லை. பெயருக்காக வாங்காதீர்கள்.

அடுத்தது பிரிட்ஜ், அதாவது உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பகுதி. அதில் கம்பி உட்காரும் சிறு துண்டுதான் சாடில். ஜோடிக்கு ஒன்றாக ஆறு சாடில் உள்ளதா, கம்பிக்கு ஒன்றாகப் பன்னிரண்டா? 1965-ல் வந்த ஃபெண்டர் எலெக்ட்ரிக் XII-ல் பன்னிரண்டு தனித்தனி சாடில்கள் இருந்தன. முடிந்தால் அப்படிப்பட்ட பிரிட்ஜ் உள்ளதையே எடுங்கள். காரணம் ஐந்தாவது படியில் வரும்.

பழைய கிட்டார் என்றால் ஹெட்ஸ்டாக் (கீகள் இருக்கும் தலைப்பகுதி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடி நெக்கை நீளவாக்கில் பாருங்கள். முறுக்கிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். 10 கேஜ் செட் (முதல் கம்பியின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு) போட்ட ஆறு கம்பிக் கிட்டாரில் மொத்த இழுவிசை சுமார் 45 கிலோ. பன்னிரண்டு கம்பியில் அது 90 கிலோவைத் தாண்டும். பல வருடம் அந்த இழுப்பைத் தாங்கி நின்ற நெக் நேராக இருக்கிறதா என்பது பெயின்ட் கீறலைவிட முக்கியம்.

படி 2: புதுக் கம்பி

எலெக்ட்ரிக்குக்கென்று விற்கும் பன்னிரண்டு கம்பி செட்டையே கேட்டு வாங்குங்கள். வழக்கமான 10 செட்டில் தடித்தது 46, மிக மெல்லியது 8. பழைய கம்பிகளை மொத்தமாகக் கழற்ற வேண்டாம். ஒவ்வொரு ஜோடியாக மாற்றினால் எந்தக் கம்பி எந்தக் கீயில் (கம்பியை முறுக்கும் திருகில்) என்ற குழப்பமும் இல்லை, நெக்கின் பாரமும் திடீரென்று மாறாது.

மெல்லிய அந்த 8 கம்பி மூன்றாவது ஜோடியின் மேல் ஸ்தாயி ஜி. முதல் கம்பியைவிடவும் மேலே ஒலிப்பது இதுதான், அடிக்கடி அறுவதும் இதுதான். முதல் கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் வரும் ஓசைதான் இதற்கு எல்லை. முறுக்கும்போது காது அங்கேயே இருக்கட்டும். இந்த ஒரு கம்பியை மட்டும் உபரியாக இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: நெக்கின் வளைவு

இனி எந்த அளவை எடுத்தாலும் கிட்டார் முழுச் சுருதியில் இருக்க வேண்டும். கம்பி தளர்ந்திருந்தால் அளவு பொய் சொல்லும்.

முதல் ஃபிரெட்டில் காப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டுங்கள். தடித்த இ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்துங்கள். இப்போது ஏழாவது, எட்டாவது ஃபிரெட் பக்கம் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே சுமார் 0.2 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் இல்லையா? சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன், இரண்டைச் சேர்த்து நுழைத்துப் பாருங்கள். இடைவெளி அதிகமானால் நெக்கின் உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் என்ற உலோகக் கம்பியின் திருகை வலப்புறமாக, குறைவானால் இடப்புறமாகத் திருப்பவும். ஒரு தடவைக்கு எட்டில் ஒரு சுற்று போதும். திருப்பியதும் மறுபடி சுருதி சேர்த்து அளக்கவும். இறுகி நிற்கும் ராடிடம் பலம் காட்ட வேண்டாம். ரிக்கன்பேக்கரில் இரண்டு ராடுகள் இருக்கும், அதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுவது நல்லது.

படி 4: கம்பியின் உயரம்

பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்துங்கள். தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. என்பது தொடங்க நல்ல அளவு. கம்பி ஃபிரெட்டில் உரசி அதிரும் சத்தம் கேட்டால் சாடிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள். சாடிலில் சரியாக இருந்தும் முதல் இரண்டு ஃபிரெட்டில் அழுத்த விரல் வலித்தால் நட் பள்ளம் ஆழம் போதவில்லை என்று அர்த்தம். நட்டை மட்டும் நீங்களே அராவாதீர்கள். ஒரு இழுப்பு கூடிவிட்டாலும் புது நட்தான் வாங்க வேண்டும்.

படி 5: இன்டொனேஷன்

நெக் முழுவதும் சுருதி சரியாக ஒலிக்கச் சாடிலை நகர்த்துவதுதான் இன்டொனேஷன். ஒரு கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டி ட்யூனரில் சரி பாருங்கள். அப்புறம் அதையே பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தி மீட்டுங்கள். சுருதி ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால் தள்ளவும், இறங்கியிருந்தால் நெக் பக்கம் கொண்டுவரவும்.

தடித்த கம்பிக்குச் சாடில் பின்னால் வேண்டும், அதன் ஜோடியான மெல்லிய கம்பிக்கு முன்னால் வேண்டும். பன்னிரண்டு சாடில் இருந்தால் இரண்டையும் தனித்தனியாக முடித்துவிடலாம். ஆறு மட்டும் இருந்தால் நடுவில் ஓர் இடம் பார்த்து நிறுத்த வேண்டும். தடித்தது ஒரு துளி ஏறியும் மெல்லியது ஒரு துளி இறங்கியும் நிற்கும். ஏழாவது ஃபிரெட்டுக்குள் கார்டு வாசிக்கிறவருக்கு இது பெரிதாக உறுத்தாது. மேலே போய் மெட்டு வாசிக்கிறவருக்கு உறுத்தும்.

படி 6: சுருதி சேர்ப்பது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதலில் ஆறு வழக்கமான கம்பிகளை மட்டும் ட்யூனரில் சேர்க்கவும். ஜோடிக் கம்பியை ஒரு விரலால் தொட்டு மௌனமாக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ட்யூனர் தடுமாறும். அடுத்து இ, பி ஜோடிகளின் இரண்டாம் கம்பி, கடைசியாக மேல் ஸ்தாயிக் கம்பிகள். எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சேர்க்கவும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள்.

அப்புறம் ட்யூனரை எடுத்துவிட்டு, ஜோடியை ஒன்றாக மீட்டிக் காதைக் கொடுங்கள். ஓசை வவ்-வவ் என்று அலையும். கீயை மெல்ல ஏற்ற ஏற்ற அலை நீளும், ஒரு கட்டத்தில் அலையே நின்று இரண்டும் ஒரே கம்பி போல ஒலிக்கும். அங்கே நிறுத்துங்கள். லேசாக விலகியிருந்தால்தான் ஓசை செழிப்பாக இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. தொடங்குகிறவர்கள் அதைக் கேட்க வேண்டாம், வாசிக்கும்போது தானாகவே போதுமான அளவு விலகும். பன்னிரண்டும் முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு சுற்று வாருங்கள். பின்னால் சேர்த்த கம்பிகளின் இழுப்பில் முன்னால் சேர்த்தவை கொஞ்சம் இறங்கியிருக்கும்.

படி 7: பிக்கப், ஆம்ப்

கடைசி ஃபிரெட்டில் அழுத்தும்போது கம்பிக்கும் அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புக்கும் நடுவே 2 முதல் 3 மி.மீ. இருக்கட்டும். ஆம்பில் டிஸ்டார்ஷன் (ஓசையைக் கரகரப்பாக்கும் அமைப்பு) வேண்டாம், இத்தனை கம்பியின் ஓசையும் அதில் குழம்பிவிடும். கிளீன் சேனல் போதும். மெக்குயினின் நீண்டு நிற்கும் ஓசை வேண்டுமென்றால் ஒரு கம்ப்ரஸர் பெடல் சேர்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய கம்பிகளின் ஒலி சட்டென்று அடங்காமல் அது தாங்கிப் பிடிக்கும்.

புதுக் கம்பி சில நாள் வாசித்தபின் இளகி நிலைக்கு வரும். அப்போது மூன்றாவது படியிலிருந்து ஐந்தாவது படிவரை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும்போதும் நெக்கின் வளைவை ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள், ஈரக்காற்றில் மரம் கொஞ்சம் அசையும்.