கடல் சூட்டை அளக்க ஒரு சின்னக் கருவி: -127 காட்டினால் பயப்பட வேண்டாம்

பவளப்பாறை வெளுக்கிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். கோடையின் வழக்கமான உச்சத்தைவிடக் கடல் ஒரு டிகிரி கூடுதலாகச் சுட்டு, சில வாரம் அப்படியே நீடித்தால், பவளத்துக்குள் குடியிருந்து அதற்குச் சோறு போடும் நுண்பாசி வெளியேறிவிடும், பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் இதுதான் நடந்தது. அந்த ஒரு டிகிரியைத் தாங்களே அளந்து பார்க்கட்டும் என்று தூத்துக்குடியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைச் செய்தேன்.

வேண்டியவை: ஆர்டுயினோ யூனோ (கணினியிலிருந்து நிரல் ஏற்றி ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை), ஸ்டீல் குழாயில் அடைத்து ஒயரோடு வரும் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலை சென்சார், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், பிரெட்போர்டு (பற்றவைக்காமல் ஒயரைச் செருகும் பலகை), ஜம்பர் ஒயர்கள். வைஃபை உள்ள ஈஎஸ்பி32 பலகை வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம், முதல் நாள் வைஃபை பாஸ்வேர்டிலேயே போய்விடும். யூனோ போதும்.

சிவப்பு ஒயர் 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கிரவுண்டுக்கு, மஞ்சள் 2ஆம் பின்னுக்கு. கணினியில் ஆர்டுயினோ மென்பொருளைத் திறந்து, ஒன்வயர், டல்லாஸ் டெம்பரேச்சர் இரண்டு லைப்ரரியையும் (சென்சாரைப் படிக்க யாரோ எழுதிவைத்த நிரல்கள்) நிறுவி, இரண்டாவதில் உள்ள ‘சிம்பிள்’ உதாரணத்தைப் பலகையில் ஏற்றுங்கள். பலகை அனுப்பும் எண்களைக் காட்டும் சீரியல் மானிட்டரில் வேகத்தை 9600 வையுங்கள்.

இங்கேதான் நான் ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தேன். திரையில் -127, திரும்பவும் -127. (புதிய லைப்ரரியில் எண்ணுக்குப் பதில் பிழைச் செய்தி வரும்.) சென்சார் போச்சு என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் -127. கோளாறு ரெசிஸ்டரில். அது மஞ்சள் ஒயருக்கும் சிவப்பு ஒயருக்கும் நடுவே பாலம்போல நிற்க வேண்டும். அது இருந்தால்தான் மஞ்சள் ஒயர், அதாவது டேட்டா ஒயர், சும்மா இருக்கும்போது அதன் மின்னழுத்தம் 5 வோல்ட் பக்கம் மேலே நிற்கும். பாலம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் நான் போட்டது 47 கிலோ ஓம். 4.7க்கு மஞ்சள், ஊதா, சிவப்பு. 47க்கு மஞ்சள், ஊதா, ஆரஞ்சு. டியூப்லைட் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. மல்டிமீட்டரில் வைத்துப் பார்க்காமல் ரெசிஸ்டரைச் செருகாதீர்கள்.

சரி, எண் வந்துவிட்டது. அது சரியான எண்ணா? இந்தச் சென்சார் அரை டிகிரி வரை தவறலாம். நாம் தேடுவதே ஒரு டிகிரி! குடிதண்ணீர் ஐஸை நொறுக்கி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, சென்சாரை முக்கிக் கலக்கிக்கொண்டே இருங்கள். 0 வர வேண்டும். எங்களுக்கு 0.4 வந்தது, அன்றிலிருந்து எல்லா அளவிலும் அதைக் கழித்துவிடுகிறோம். ஒரு பையன் மீன் பெட்டியிலிருந்து ஐஸ் அள்ளி வந்தான், பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. ஏனென்று அவனே கண்டுபிடித்தான்: உப்பு.

அப்புறம் கடல். ஒயரில் ஈயக்குண்டு கட்டி, ஒரு மீட்டரில் முடிச்சுப் போட்டு, படகுத்துறையிலிருந்து இறக்குங்கள். தினமும் காலை ஏழு மணி, அதே இடம், அதே முடிச்சு. மேல்தண்ணீர் வெயிலில் சட்டென்று சூடாகிவிடும் என்பதால் ஆழம் மாறக் கூடாது. பவளப்பாறை இருக்கும் தீவுப் பக்கம் போக ஆசைப்படாதீர்கள், அது தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி வேண்டும். துறையில் எடுக்கும் அளவு பாறையின் அளவு ஆகாது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். எஸ்டி கார்டு, கிளவுட் எல்லாம் பிறகு பார்க்கலாம். கிராஃப் நோட்டில் கையால் புள்ளி வைக்கும்போதுதான் கோடு ஏறுவது உறைக்கிறது.

பின்சேர்க்கை: 85 டிகிரி காட்டுகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். கடல் கொதிக்கவில்லை. மின்சாரம் வந்ததும் சென்சார் வைத்திருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிக்க முக்கால் வினாடி ஆகும். அதற்குள் படித்தால் 85தான் வரும். அப்படியும் போகாவிட்டால் சிவப்பு ஒயர் எங்காவது விட்டு விட்டுத் தொடுகிறதா பாருங்கள்.

இன்னொன்று: சில வாரத்தில் அளவு தாறுமாறானால் குழாயும் ஒயரும் சேரும் இடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்திருக்கும். முதலிலேயே அங்கே எபாக்சி பசை பூசி, மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை) போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வையுங்கள்.