மொரிஷியஸிலிருந்து ரீயூனியனுக்குத் தனியாக: ஒரு வாடகைக் கார், இரண்டு மலைகள்

மொரிஷியஸின் எபேன் நகரில் வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்கள் ரீயூனியனைப் பற்றி அடிக்கடி கேட்பது: "பக்கத்துத் தீவுதானே, ஒரு லாங் வீக்கெண்டில் போய் மலையேறிவிட்டு வந்துவிடலாமா?" விமானத்தில் முக்கால் மணி நேரம்தான், கடிகாரத்தைக்கூட மாற்ற வேண்டாம். ஆனால் மலை வேறு ரகம். மொரிஷியஸின் மிக உயரமான சிகரமே 828 மீட்டர்தான். ரீயூனியனின் பித்தோன் டெ நெய்ஜ் சிகரம் 3,070 மீட்டர். மொரிஷியஸின் லெ பூஸ் மலையில் ஞாயிறு காலை ஏறி இறங்கி மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிற கணக்கு அங்கே செல்லாது.

டிக்கெட் எடுப்பது, பை கட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தனியாகப் போகிறவருக்கு எங்கே சிக்குமோ அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் படுக்கை, அப்புறம் விமானம், கடைசியில் கார்

எல்லோரும் மலிவான விமான டிக்கெட்டில் ஆரம்பிப்பார்கள். இங்கே அது தலைகீழ். பித்தோன் டெ நெய்ஜ் ஏறுபவர்கள் வழக்கமாக நடுவழியில் கவேர்ன் தூஃபூர் என்ற மலை விடுதியில் இரவு தங்கி, விடியலுக்கு முன் சிகரத்துக்குக் கிளம்புவார்கள். 2,400 மீட்டருக்கு மேலே இருக்கிற அந்த விடுதியில் படுக்கைகள் குறைவு. வார இறுதிகள் முன்கூட்டியே நிரம்பிவிடும். அங்கே இடம் கிடைக்கிற தேதிதான் உங்கள் பயணத் தேதி. அதைச் சுற்றி மற்றதைக் கட்டுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் சுலபம்.

மே முதல் நவம்பர் வரை மழை குறைவு. அக்டோபரில் மட்டும் கவனம்: தீவைக் குறுக்கே கடக்கும் கிராண்ட் ரெய்டு ஓட்டப் போட்டி அப்போதுதான் நடக்கும், மலை விடுதிகளில் இடம் கிடைப்பது கஷ்டம். ஜனவரி, பிப்ரவரியில் போகவே வேண்டாம். புயல் காலம். 1966 ஜனவரியில் இந்தத் தீவின் மலைப்பகுதியில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் மழை கொட்டியது. உலக சாதனை அது. சென்னைக்கு ஒரு வருடம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம்.

விசா: ரீயூனியன் பிரான்ஸின் ஒரு மாவட்டம், செலவுக்கு யூரோ. ஆனால் ஷெங்கன் எல்லைக்குள் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) வராது. அதனால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் "ஷெங்கன் விசா இருக்கே, போதும்" என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸ் அரசின் விசா தளத்தில் போகும் இடம் ரீயூனியன் என்று குறிப்பிட்டுப் பாருங்கள், அது கேட்பதைச் செய்யுங்கள். மொரிஷியஸ் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் குறுகிய பயணத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

படி 2: கார்

வாடகைக் கார் கவுன்டரில் டெபாசிட்டுக்காக ஒரு தொகையை உங்கள் கார்டில் பிடித்து வைப்பார்கள். பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான் வேண்டும், அதுவும் ஓட்டுநர் பெயரிலேயே. கூட ஆள் இருந்தால் அவரையே ஓட்டுநராகப் போட்டு அவர் கார்டை நீட்டலாம்; தனியாகப் போனால் அந்த வழி கிடையாது. கிளம்புவதற்கு முன்பே கார்டின் வெளிநாட்டு வரம்பை வங்கியில் கேட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். சர்வதேச ஓட்டுநர் உரிமத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்வது என் வழக்கம்.

என் கருத்து: மிகச் சிறிய கார், ஆட்டோமேட்டிக் கியர். ஆட்டோமேட்டிக் விலை கூடுதல்தான், கொடுங்கள். பெட்ரோல் எங்கே மலிவு என்று தேட வேண்டாம். உச்ச விலையை அரசு மாதாமாதம் நிர்ணயிக்கிறது, எந்த பங்க்கிலும் கிட்டத்தட்ட ஒரே விலை.

படி 3: வலப்பக்கம் ஓட்டுவது

இதில்தான் நேரம் செலவழிக்கச் சொல்வேன். மொரிஷியஸிலும் இந்தியாவிலும் இடப்பக்கம், ரீயூனியனில் வலப்பக்கம். ஸ்டீரிங் இடது கையோரம் வந்துவிடும், இண்டிகேட்டர் போட நினைத்தால் வைப்பர் ஓடும். இதெல்லாம் அரை மணி நேரத்தில் பழகிவிடும்.

நெரிசலில் பயமே இல்லை, முன்னால் போகிற காரைப் பின்தொடர்ந்தால் போதும். ஆபத்து காலியான சாலையில்தான். விடிகாலை ஐந்து மணிக்கு விடுதி வாசலிலிருந்து காரை எடுக்கிறீர்கள், சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. கை தானாக இடப்பக்கம் திருப்பும். பெட்ரோல் பங்க், காட்சிமுனை, சாப்பாட்டுக் கடை என்று எங்கே நிறுத்திவிட்டுக் கிளம்பினாலும் இதே கதை. பக்கத்தில் "ஏய், அந்தப் பக்கம்!" என்று கத்த ஆள் இல்லை அல்லவா?

நான் கடைப்பிடிப்பது ஒரே விதி: ஓட்டுநர் எப்போதும் சாலையின் நடுக்கோட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இடம், வலம் என்று மூளையில் கணக்குப் போட வேண்டியதில்லை. கோடு என் தோளுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, சரி. கூடவே டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கி நோட்டில் வலப்பக்க அம்புக்குறி வரைந்து ஒட்டிவிடுவேன். பார்க்கச் சிறுபிள்ளைத்தனம், ஆனால் வேலை செய்கிறது. ரவுண்டானாவில் கடிகாரத்துக்கு எதிர்த்திசை. இடப்புறமிருந்து வருகிறவருக்கு வழி விடுங்கள்.

பித்தோன் டெ நெய்ஜ் ஏறப் போகும் மலையூர் சிலாவோஸ். முதல் நாளே அதன் மலைச்சாலையில் ஏறாதீர்கள். 400-க்கும் மேற்பட்ட வளைவுகள், ஒரு வண்டி மட்டுமே நுழையும் குகைப் பாதைகள், எதிரே வரும் பேருந்து. வளைவுக்கு முன் ஹாரன் அடிப்பது அங்கே மரியாதைக் குறைவல்ல. முதல் இரவு சேன் பியேர் பக்கம் கடலோரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை சேன் லூயியில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இருட்டுக்கு முன் போய்ச் சேர வேண்டும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

மழை கொட்டும்போது சாலைக்குக் குறுக்கே ஆறு ஓடும் தரைப்பாலங்களைக் கடக்கவே கூடாது. திரும்பிப் போங்கள்.

படி 4: பித்தோன் டெ நெய்ஜ்

சிலாவோஸுக்கு மேலே லெ ப்ளாக் என்ற இடத்தில் பாதை தொடங்குகிறது. விடுதி வரை 1,000 மீட்டருக்கு மேல் ஏற்றம், படிக்கட்டு மாதிரி. நிதானமாக மூன்று, நான்கு மணி நேரம் வையுங்கள். காலை பத்து மணிக்கு மேல் மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும், அதனால் சீக்கிரம் கிளம்புவது நல்லது. விடுதியிலிருந்து சிகரம் இன்னும் 600 மீட்டர். இருட்டில் தலைவிளக்குடன் ஏறுவீர்கள். ஜூலை, ஆகஸ்டில் உச்சியில் பூஜ்ஜியம் டிகிரி வரை குளிரும். கம்பளித் தொப்பி, கையுறை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம். மொரிஷியஸ் கடைகளில் நல்லதாகக் கிடைப்பது கஷ்டம், ஊருக்குப் போகும்போது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் கீழேயே தொடங்கி ஒரே மூச்சில் ஏறி இறங்குகிறவர்களும் உண்டு. தனியாக அதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

வரைபடத்துக்கு கூகுள் வேண்டாம். பிரான்ஸின் ஐஜிஎன் 1:25,000 வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள், காகிதப் பிரதி ஒன்றும் பையில் இருக்கட்டும். பாதை திறந்திருக்கிறதா என்பதை வனத்துறையான ஓஎன்எஃப் தளத்தில் முந்தின இரவே பாருங்கள். மண்சரிவுக்குப் பிறகு மூடிய பாதைகள் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கிளம்பும்போது விடுதிக்காரரிடம் எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லுங்கள்; அதையே வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அவசர எண் 112.

படி 5: எரிமலை

சிகரம் இறங்கிய மறுநாள் கால் கெஞ்சும். அன்று கார்தான்: எரிமலைக்குப் போகும் வழியில் உள்ள பூர்க் முரா என்ற ஊர் வரை போய்த் தங்குங்கள். அடுத்த காலை, நிலா மண் மாதிரி இருக்கும் பிளேன் தே சாப்ளைக் கடந்தால் பா டெ பெல்கோம்ப் என்ற காட்சிமுனை. அங்கிருந்து 500-க்கும் மேற்பட்ட படிகள் இறங்கி எரிமலைக் கிண்ணத்துக்குள் போகலாம். பாறையில் வெள்ளைப் புள்ளிகள் வழிகாட்டும். பனிமூட்டத்தில் அடுத்த புள்ளி தெரியாவிட்டால் நில்லுங்கள், நகராதீர்கள். பித்தோன் டெ லா ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கும் எரிமலை. குமுறல் தொடங்கினால் கீழே இறங்கும் கதவையே மூடிவிடுவார்கள். அப்போது மேலிருந்து பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரையில் பழைய லாவா ஓட்டங்களின் மேல் போட்ட சாலையில் ஓட்டுங்கள். 1977-இல் லாவா சூழ்ந்து நின்ற தேவாலயம் சேன்ட் ரோஸ் பக்கம் இருக்கிறது.

அப்படியே வடக்கே சேன் ஆந்த்ரே, தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் ஊர். கோயில் கோபுரத்தைப் பார்த்து வண்டியை நிறுத்தாமல் இருக்க முடியாது. தீமிதி, காவடி எல்லாம் உண்டு. ஆனால் பேச்சு பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான், தமிழில் பேச்சுக் கொடுத்தால் அன்பாகச் சிரிப்பார்கள். நீங்கள் மொரிஷியஸின் ரோஸ் ஹில் சந்தையில் கற்ற கிரியோல் முக்கால்வாசி கைகொடுக்கும்.

பிற்சேர்க்கை: கார் ஓட்டாதவர்கள் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கார் ழோன் பேருந்துகள் கடலோர ஊர்களை இணைக்கின்றன. சேன் லூயியிலிருந்து சிலாவோஸுக்கும் பேருந்து உண்டு. எரிமலைப் பக்கம்தான் கஷ்டம்.

மலையடிவாரத்தில் நிறுத்திய காரின் கண்ணாடியை உடைத்து லேப்டாப்பைத் தூக்கிவிட்டார்கள் என்று ஒருவர் எழுதினார். டிக்கியில்கூட எதையும் வைக்காதீர்கள். மலைக்கு வேண்டாத சாமானை சிலாவோஸ் விடுதியிலேயே கேட்டு விட்டுவிட்டுப் போங்கள்.

சைவர்களுக்கு: மலை விடுதிச் சாப்பாடு சோறு, பருப்பு, அதோடு கோழியோ பன்றித் தொத்திறைச்சியோ. முன்பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் சோறும் பருப்பும் மட்டும்தான். அந்தப் பருப்பு சிலாவோஸில் விளைந்ததாக இருந்தால் அதுவே போதும் என்பது என் கட்சி.