டெல்லிச் செய்தியை நம்ம வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி?

நாகர்கோவிலில் பட்டப்படிப்பு படித்தபோது மாதாமாதம் ஒரு பத்திரிகை போட்டோம். ஒரு ஏ3 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம், அவ்வளவுதான். 2017 டிசம்பர் இதழின் முதல் பக்கம் ஒக்கி புயல். இறந்தவர்கள், மாயமானவர்கள் என்று நாளிதழில் வந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்துப் போட்டேன். துத்தூர் என்ற மீனவர் ஊர்ப் பக்கமிருந்து வரும் வகுப்புத்தோழி அதைப் படித்துவிட்டு, கடலுக்குப் போய்த் திரும்பாத தன் மாமா இந்தக் கணக்கில் சேர்த்தியா என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் பழகிக்கொண்ட முறையை இப்போது பத்திரிகை தொடங்கும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்.

ஆசிரியர் குழு கூடியதும் அந்த வாரத் தேசியச் செய்திகளைப் பலகையில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும், இது நம்மில் யார் வீட்டைத் தொடுகிறது என்று கேளுங்கள். யாரும் கை தூக்காத செய்தியை நாளிதழ்களுக்கே விட்டுவிடலாம். 2023 மத்திய பட்ஜெட்டில் கலவை ரப்பரின் (வேறு பொருட்கள் கலந்து வரும் ரப்பர்) இறக்குமதி வரி 10 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகவோ, கிலோவுக்கு 30 ரூபாயாகவோ, எது குறைவோ அதுவாக உயர்ந்தது. வெறும் வரி விவரமாகத் தெரியும். குலசேகரத்தில் அப்பா ரப்பர் பால் வெட்டப் போகிற மாணவனிடம் கேட்டால்தான், ரப்பர் ஷீட் என்ன விலைக்குப் போகிறது, ஒட்டுப்பால் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டிக் காய்ந்த பால்) என்ன விலை, மழையில் வெட்டு நின்ற நாட்களில் வீடு எப்படி ஓடியது என்பதெல்லாம் வரும். அதுதான் உங்கள் செய்தி.

ஆளைக் கண்டுபிடித்ததும் வீட்டுக்குப் போங்கள். போனில் பேசி முடிக்காதீர்கள். ஒக்கியில் அரசு ஒரு எண்ணிக்கை சொன்னது, பங்குத்தந்தையிடம் வேறொரு பட்டியல் இருந்தது. ஒன்றைத் தேர்ந்தெடுக்க நமக்கு உரிமையில்லை. யார் சொன்னது, எந்தத் தேதியில் என்று சேர்த்து இரண்டையும் போடுங்கள். ‘மாயம்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதும் தோழியின் மாமா வீட்டுத் திண்ணையில்தான் எங்களுக்குப் புரிந்தது. உடல் கிடைக்காவிட்டால் இறப்புச் சான்றிதழ் கிடையாது. 7 ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லையென்றால்தான் அவர் இறந்ததாகக் கொள்ளச் சட்டம் வழி தருகிறது. அதுவரை வங்கிக் கணக்கு, படகுக் கடன், பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் அந்தரத்தில். ஒக்கிக் குடும்பங்களுக்கு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தித்தான் நிவாரணம் கொடுத்தார்கள். மாமாவின் பெயர் வேண்டாம் என்றாள் தோழி. போடவில்லை.

சரிபார்க்க இரண்டு வழி. நாடாளுமன்றக் கேள்விகளுக்கு அமைச்சர்கள் தரும் எழுத்துப்பூர்வப் பதில்கள் இணையத்தில் இருக்கின்றன. துறை வாரியாகத் தேடலாம், மீன்வளம் என்றால் அந்த அமைச்சகத்தில். நம் மாவட்டக் கணக்கு வேண்டுமா? 2005-ன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அதனால் இரண்டு இதழ்களுக்கு முன்பே திட்டமிடுங்கள்.

தேர்தல் வந்தால் கட்சிச் சண்டையை விடுங்கள். 18 வயது நிறைந்தவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க இப்போது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என ஆண்டுக்கு 4 தகுதித் தேதிகள் உண்டு. புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 பற்றி ஒரு பெட்டிச் செய்தி போதும். முதலாண்டு மாணவர்கள் அதைக் கிழித்து வைத்துக்கொள்வார்கள்.

அச்சடிக்கும் கடைக்கு இதழைப் பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும்.

அச்சானதும் முதல் பிரதி, பேசியவர் வீட்டுக்கு. ஜனவரி இதழைத் தோழியின் அத்தைக்குக் கொண்டுபோனோம். முழுவதையும் உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டார். படகின் பெயரில் ஓரெழுத்துப் பிழை இருந்தது. பிப்ரவரி இதழில், அதே முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போட்டோம்.