சோதனைக்குழி போட்டு ஊரின் வயதைப் படிப்பது

யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி ஆளற்றுப்போன இடைக்கால ஊர். அதனால்தான் அங்கே 1950 முதல் 1990 வரை பொறுமையாக அகழ முடிந்தது. இன்றும் மக்கள் குடியிருக்கும் இங்கிலாந்துக் கிராமங்களில் அதற்கு வழியில்லை; வீட்டுத் தோட்டங்களில் 1 மீட்டர் சதுரக் குழிகள்தான் போட முடியும். ஒற்றைக் குழியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஊர் முழுக்கப் பரவலாக இருபது, முப்பதாவது வேண்டும். தேவாலயத்தைச் சுற்றியே தோண்டினால் ஊர் அங்கேதான் தொடங்கியது என்று தோன்றும். தோண்டிய இடத்தில்தானே பழைய பானை ஓடு கிடைக்கும்!

நில உரிமையாளரின் சம்மதம், குழாயும் மின்கம்பியும் போகும் தடம் இரண்டையும் முதலில் உறுதிசெய்யுங்கள். சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இடமென்றால் அரசு ஒப்புதல் இல்லாமல் மண்வெட்டி படக் கூடாது.

10 செ.மீ. கனத்துக்கு ஒரு படி என்று இறங்குங்கள். ஒவ்வொரு படியின் மண் முழுவதையும் 10 மி.மீ. சல்லடையில் சலித்து, கிடைத்ததைக் குழி எண், படி எண் எழுதிய தனிப்பையில் போடுங்கள். பக்கச் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். சரிந்தால் மேல்மண்ணின் விக்டோரியா காலப் (19ஆம் நூற்றாண்டு) பீங்கான் அடிப்படிப் பைக்குள் வந்துவிடும். களிமண்ணைக் கையால் உடைத்துப் பாருங்கள். கறுத்த பானை ஓடு மண்கட்டி போலவே இருக்கும். மனித எலும்பு தெரிந்தால் நிறுத்திக் காவல்துறைக்குச் சொல்லுங்கள். 1.2 மீட்டருக்குக் கீழே இறங்காதீர்கள், சுவர் இடியும். அதற்குள் கன்னிமண் (மனிதக் கை படாத இயற்கை மண்) வராவிட்டால் அதையும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் விட்ட குழி வெறுங்குழியாகக் கணக்கில் ஏறும்.

பானை ஓடுகளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணி, எடைபோடுங்கள். முனை கூராக இருக்கும் பெரிய ஓடுகள் பல சேர்ந்து கிடைத்தால் பக்கத்திலேயே வீடு இருந்திருக்கலாம். தேய்ந்து மழுங்கிய ஓரிரு சில்லுகள் பெரும்பாலும் எருவோடு வயலுக்குப் போனவை. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டால் வயலெல்லாம் குடியிருப்பாகிவிடும். காலத்தை மட்பாண்ட வல்லுநர்தான் கணிக்க வேண்டும். கிளிஞ்சல் தூள் கலந்த செயின்ட் நியோட்ஸ் வகை ஓட்டைத் தடவினால் சோப்புபோல் வழவழக்கும். அது நார்மன்கள் 1066இல் இங்கிலாந்தைக் கைப்பற்றியதை ஒட்டிய நூற்றாண்டுகளைச் சேர்ந்தது.

பிறகு காலத்துக்கு ஒரு வரைபடம்: 1066க்கு முன், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, அதற்குப் பின். வெறுங்குழிகளையும் குறியுங்கள். 1348–49 கொள்ளைநோய்க்குப் பின் ஊர் சுருங்கியதா என்பதை அவைதான் காட்டும். மேற்கு இங்கிலாந்தில் மட்டும் கவனம் தேவை: நார்மன்களுக்கு முன் அங்கே பல இடங்களில் மட்பாண்டப் புழக்கமே அரிது. ஓடு இல்லை என்பதற்காக ஆளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.