பேறுகால விடுப்பை வாயால் கேட்காதீர்கள், தாளில் கேளுங்கள்

ஈரோட்டில் ஒரு நூல் மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். முப்பது பேர் வேலை செய்யும் இடம். 2022-ல் முழுகாமல் இருந்தபோது மூன்றாம் மாதமே மேனேஜரிடம் சொன்னேன். "பார்த்துக்கலாம்மா, முதல்ல உடம்பைப் பாரு" என்றார். நானும் நம்பி இருந்துவிட்டேன். ஏழாம் மாதம், வளைகாப்பு வளையல் கையில் இருக்கும்போதே, ஒரு தாளை என் முன்னால் வைத்தார். டைப் செய்த ராஜினாமா கடிதம். கையெழுத்துக்கும் தேதிக்கும் மட்டும் இடம் விட்டிருந்தது. "எல்லாரும் இப்படித்தாம்மா. பெத்துட்டு வா, வேலை எங்க போயிடப் போகுது?"

பக்கத்து மேசை அக்கா அப்படி இரண்டு பிரசவத்துக்கும் எழுதிக் கொடுத்தவர். பதினோரு வருஷம் அதே நாற்காலி. ஆனால் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சேர்ந்தவர். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) ஐந்து வருஷம் தொடர்ச்சியாக வேண்டும். அவருக்கு அது ஒருமுறைகூடக் கூடி வரவில்லை. விடுப்புச் சம்பளமும் போய், சர்வீஸும் போனது. அதனால் முதல் வேலை: எந்தத் தாளையும் அந்த இடத்திலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அந்தத் தாளே பின்னால் உங்களுக்குச் சாட்சி.

அடுத்து, பணம் யார் தர வேண்டும் என்று பாருங்கள். சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் (மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்குப் பிடிப்பார்கள்) விடுப்புச் சம்பளத்தைக் கொடுப்பது ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகம், முதலாளி அல்ல. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) குறைந்தது 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும். எனக்குச் சம்பளம் 23,500. ஈ.எஸ்.ஐ. கிடையாது. அப்படியானால் முதலாளிதான் முழுச் சம்பளம் தர வேண்டும்.

1961-ல் வந்த மகப்பேறு பயன் சட்டத்தில் முதலில் 12 வாரம்தான் இருந்தது. 2016-ல் திருத்த மசோதா மாநிலங்களவையில் நிறைவேறி, 2017 மார்ச்சில் மக்களவையிலும் நிறைவேறி, அந்த ஏப்ரல் முதல் 26 வாரம் ஆனது. அந்தச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் ஆறாம் அத்தியாயமாக இருக்கிறது; 21.11.2025 முதல் அமலில் உள்ளது. பிரிவு எண்கள் மாறின, 26 வாரம் மாறவில்லை. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். "நீ பெர்மனென்ட் இல்லை" என்று சொன்னால் மிரள வேண்டாம். தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டு என்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் மட்டும் 12 வாரம்.

நாளை எண்ணுவதில்தான் நிறையப் பேர் இழக்கிறார்கள். 26 வாரம் என்றால் 182 நாள், ஞாயிறும் சேர்த்து. பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம். எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டில் எனக்குப் போட்டிருந்த தேதி அக்டோபர் 14. எட்டு வாரம் முன்பே நின்றிருந்தால் பிப்ரவரி 16-ல் விடுப்பு முடிந்திருக்கும். பாப்பாவுக்கு நான்கு மாதம்தான். நான் நான்கு வாரம் மட்டும் முன்னால் எடுத்தேன், செப்டம்பர் 16 முதல் மார்ச் 16 வரை. அந்த ஒரு மாதம் பாப்பாவோடு கிடைத்தது. உடம்பு ஒத்துழைத்தால் மட்டும் இப்படிச் செய்யுங்கள். எனக்கு ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, உட்கார்ந்து பார்க்கும் வேலையும்கூட.

இனி கடிதம். வக்கீல் நடை வேண்டாம். நான் எழுதியது இவ்வளவுதான்:

"ஐயா, நான் தங்கள் நிறுவனத்தில் 2019 ஜூன் முதல் கணக்காளராகப் பணிபுரிகிறேன். எனக்கு 14.10.2022 அன்று பிரசவம் ஆகும் என மருத்துவர் சான்று அளித்துள்ளார் (நகல் இணைப்பு). 16.09.2022 முதல் 26 வாரம் பேறுகால விடுப்பு எடுக்கிறேன். விடுப்புக் காலத்தில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன். பிரசவத்துக்கு முந்தைய காலத்துக்கான தொகையை முன்கூட்டியும், மீதியைப் பிறப்புச் சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் என் வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டுகிறேன். நான் இல்லாத சமயத்தில் என்னால் தொகையைப் பெற முடியாவிட்டால் என் கணவரிடம் வழங்கலாம்."

"எடுக்கிறேன்" என்று இருப்பதைக் கவனியுங்கள். "எடுக்க அனுமதி வேண்டுகிறேன்" என்று எழுதினால் மறுப்பதற்கு இடம் கொடுத்ததாகிவிடும். வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற வரியையும் விடாதீர்கள். விடுப்பில் இருக்கும்போது வேறு இடத்தில் சம்பளத்துக்குப் போனால் உரிமை போய்விடும்.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, இன்னொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். என் மேனேஜர் போட மறுத்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தபால் நிலையம் போய் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஐந்தாம் நாள் அட்டை வீட்டுக்கு வந்தது. கடை சீல், அதன் மேல் பச்சை மையில் கையெழுத்து. என் கடிதத்தில் போட மறுத்த அதே மேனேஜரின் கையெழுத்து. அந்த அட்டையை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று கணக்கில்லை. இப்போது பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்று கவுன்டரிலேயே கேட்டு வாங்குங்கள்.

முதலாளி கடிதத்தை ஆடிட்டரிடம் காட்டியிருக்கிறார். கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். பிறகு யாரும் ராஜினாமா பேச்சை எடுக்கவில்லை. கடைசி மூன்று மாதச் சராசரி கணக்கில் முழுச் சம்பளமும் வந்தது. மருத்துவச் செலவை நிறுவனம் பார்க்காவிட்டால் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் தர வேண்டும். அதை இன்னொரு கடிதம் எழுதித்தான் வாங்கினேன்.

உங்களுக்கு அவ்வளவு சுலபமாக முடியாமல் போகலாம். விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டப்படி செல்லாது (இப்போது 68-ஆம் பிரிவு). கடித நகலோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். வக்கீல் வேண்டுமானால் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். கரு கலைந்துவிட்டாலும் சம்பளத்தோடு ஆறு வாரம் விடுப்பு உண்டு. அந்தத் துக்கத்தில் யாரும் இதைக் கேட்பதில்லை; கூட இருக்கிறவர்கள் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

திரும்பி வந்தபின், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. எங்கள் வீடு கடையிலிருந்து பத்து நிமிட நடை. பதினோரு மணிக்கும் மூன்றரைக்கும் அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கோடவுன் பக்க வாசலுக்கு வந்துவிடுவார். நூல் மூட்டைக்குப் பின்னால் ஒரு பழைய நாற்காலியில் உட்கார்ந்து கொடுப்பேன். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால் குழந்தைகள் காப்பகமே வைக்க வேண்டும்.

அப்பாக்களுக்குத்தான் இன்னும் ஒன்றுமில்லை. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் வேலையில் இருப்பவருக்குச் சட்டம் கிடையாது. 2017-ல் மகாராஷ்டிர எம்.பி. ராஜீவ் சாதவ் மக்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. என் வீட்டுக்காரர் எடுத்த நான்கு நாளுக்கும் சம்பளம் பிடித்தார்கள். ஐந்தாம் நாள் நான் தையல் வலியோடு தனியாக எழுந்து பாப்பாவைக் குளிக்க வைத்தேன். உங்கள் தொகுதி எம்.பி.யின் மின்னஞ்சல் முகவரி மக்களவை இணையதளத்தில் இருக்கிறது. தமிழிலேயே எழுதலாம். உங்கள் வீட்டில் எத்தனை நாள் சம்பளம் பிடித்தார்கள் என்பதையும், அந்த மசோதாவின் ஆண்டையும் எழுதி, அதுபோல் ஒன்றை மறுபடி கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள்.