மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு: ஸ்கேன் அறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் ஸ்கேன் பயில வரும் இளம் மருத்துவர்கள், எங்கள் காலத்துத் தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். அறிக்கையில் தேதி விடுபடுவது போன்றவை தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை இங்கு எழுதவில்லை.

தெரியாத படலத்துக்கு அளவு எழுதுதல்

மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் சொட்டு இரத்தம் பட்டாலும் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் கருப்பையின் உட்படலம் மெலிந்ததே காரணமாக இருக்கும். யோனிவழி ஸ்கேனில், கருப்பையின் நீள்வெட்டில், உள்ளே தேங்கிய நீரை விடுத்து, படலத்தின் தடித்த இடத்தில் இரு அடுக்குகளையும் சேர்த்து அளந்து 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், உட்படலப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழ். ஆனால் படலம் முழுவதும் தெரிந்தால்தான் இந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாவின் பழைய அறிக்கையில் 3 மி.மீ. என்று இருந்தது. முதிய பெண்ணிடம் யோனிவழி ஸ்கேன் பற்றிப் பேசக் கூச்சப்பட்டு, ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் மட்டும் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஃபைப்ராய்டு எனும் கருப்பைத் தசைக் கட்டியின் நிழலில் கருப்பையின் மேற்பகுதி மறைந்திருக்க, தெரிந்த கீழ்ப்பகுதியை மட்டும் அளந்து எழுதிவிட்டார்கள். "ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தாங்க, ஒடம்பு சூடுன்னு வுட்டுட்டேன்" என்றார் அந்த அம்மா. மாதக்கணக்கில் தள்ளிப்போன பயாப்ஸியில் (திசு எடுத்துச் செய்யும் பரிசோதனை) புற்றுநோய் இருந்தது. அந்த 3 என்ற எண்ணை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. "படலம் முழுமையாகத் தெரியவில்லை, பயாப்ஸி அல்லது ஹிஸ்டெரோஸ்கோப்பி (கருப்பைக்குள் கேமரா செலுத்திப் பார்த்தல்) தேவை" என்று எழுதியிருந்தால் அவர் அப்போதே பரிசோதனைக்குப் போயிருப்பார். தெரியவில்லை என்று எழுதுவதும் ஒரு முடிவே. அதை எழுதத் தயங்காதீர்கள்.

மெல்லிய படலம் என்று முடித்துவிடுதல்

இரத்தப்போக்கு மீண்டும் வந்தால் 3 மி.மீ. படலத்துக்கும் திசுப் பரிசோதனை வேண்டும். சில தீவிர வகைப் புற்றுநோய்கள் படலத்தைத் தடிக்க வைக்காமலே வளரக்கூடும்.

டமாக்சிஃபென் பற்றிக் கேளாமை

மார்பகப் புற்றுநோய்க்காக இந்த மாத்திரை உண்பவரிடம் 4 மி.மீ. கணக்கு செல்லாது.

கருப்பைவாயை மறத்தல்

ஸ்பெகுலம் (யோனியை விரித்துக் காட்டும் கருவி) வைத்துக் கண்ணால் பார்க்காமல், ஸ்கேனை மட்டும் நம்பிக் கருப்பைவாய்ப் புற்றுநோய் இல்லை என்று சொல்ல முடியாது.

முதலிலேயே எம்ஆர்ஐ

வேண்டாம். பயாப்ஸியில் புற்றுநோய் உறுதியானபின், அது தசைச்சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அறிய அதை எடுக்கலாம்.